பதினோரு மாத வாடகைச் சீட்டு

தாலி இல்லை, பதிவுச் சான்று இல்லை, ஆனால் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ‘காமன் லா’ துணை என்று ஸ்பான்சர் செய்யும்போது கனடாவும் ஆஸ்திரேலியாவும் கேட்கும் தாள்கள், நம் ஊர் ஜோடிகளிடம் ஏன் இருப்பதில்லை?

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் சிதறுகாய் உடைபடும் சத்தம் ரோட்டுக்கு இந்தப்புறம் வரை கேட்கிறது. அதற்கு மேல் கிழக்கேகோட்டைக்குத் திரும்பும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்களின் ஹாரன். சாலைக் கம்போளத்துக்குப் பிரியும் சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. கண்ணாடி மேஜை மேல் ஓர் இளைஞர் தாள்களைப் பரப்பியிருக்கிறார். கழக்கூட்டத்தில் எடுத்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், இரண்டு வருட பேங்க் ஸ்டேட்மென்ட், கேஸ் புக், கன்னியாகுமரிக்கும் வர்க்கலைக்கும் போன ரயில் டிக்கெட்டுகள். மேஜையில் சாய்த்து வைத்த போனில் ஒரு பெண். அவர் இருப்பது கனடாவின் பிராம்ப்டனில். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது.

கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பாஸ்போர்ட், அட்டஸ்டேஷன், விசா என்று வருகிறவர்களுக்கு நகல் எடுத்தே பாதி வழக்கறிஞர் ஆகிவிட்டவர். தாள்களை ஒரு புரட்டு புரட்டினார்.

“ரெண்டு பேரு பேரும் சேந்தாப்ல ஒரு தாளாவது உண்டா மக்ளே?”

“இல்ல அண்ணாச்சி. ஹவுஸ் ஓனர் ஒரு பேருதான் போடுவேன்னுட்டாரு. இவளக் கஸின்னு சொல்லித்தான் வீடே கெடச்சுது.”

போனிலிருந்து உடனே குரல் வந்தது: “அந்தக் கஸின் கதைய எங்கயும் எழுதி வச்சிராத!”

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதில் எழுதியிருந்த காலம் 11 மாதம்.

### பதினொன்றும் பன்னிரண்டும்

நம் நாட்டில் வீட்டு வாடகை ஒப்பந்தம் ஏன் 11 மாதம்? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு என்றால் முத்திரைக் கட்டணம், சார் பதிவாளர் அலுவலகம், அலைச்சல். அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம் என்று எழுதி, முடிந்ததும் இன்னொரு 11 மாதத்துக்கு நீட்டிக்கும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. பல வீட்டுக்காரர்கள் இரண்டாவது முறை எழுதுவதுகூட இல்லை. “அதான் தெரியுமே, இருங்க” என்று வாய்வார்த்தையோடு விட்டுவிடுவார்கள்.

கனடா கேட்பது 12 மாதம். அந்நாட்டின் 2002-ஆம் ஆண்டுக் குடிவரவு ஒழுங்குவிதிகள் ‘காமன் லா’ துணையை இப்படி வரையறுக்கின்றன: தாம்பத்தியத்துக்கு நிகரான உறவில், குறைந்தது ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த ஓராண்டு தொடர்ச்சியாக ஓடியிருக்க வேண்டும். லீவுக்கு வந்தபோது ஒரு மாதம், ஓணத்துக்கு இரண்டு வாரம் என்று துண்டு துண்டாகச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. வேலை விஷயமாகவோ வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லை என்றோ சில நாள் பிரிந்திருந்தால் பரவாயில்லை.

வாடகைச் சீட்டில் குறையும் அந்த ஒரு மாதத்தை வேறு தாளால் நிரப்பிவிடலாம். அதைவிடப் பெரிய பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. கல்யாணம் ஆகாத ஜோடிக்கு இங்கே வீடு கிடைக்க வேண்டுமென்றால் உறவை மறைக்க வேண்டும். கஸின், கிளாஸ்மேட், ‘ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவங்க’. ஊரில் அப்பா அம்மாவுக்குத் தெரியாமலிருக்க, பெண் பெயரில் ஒரு பி.ஜி. ஹாஸ்டல் முகவரி தொடர்ந்து உயிரோடிருக்கும். கொரியர் அங்கே போகும், ஆதாரில் அந்த முகவரியே இருக்கும், அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் அண்ணன் பெயர் இருக்கும். அத்தனை கவனமாக மறைத்து வாழ்ந்த ஜோடியிடம், மூன்று வருடம் கழித்து ஒட்டாவாவின் படிவம் கேட்கிறது: உங்கள் உறவு குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் தெரியுமா? எப்போது, எப்படித் தெரிவித்தீர்கள்? ஒன்றாக எடுத்த படங்கள் எங்கே?

இங்கே எந்தத் தாள் இல்லாதது அவர்களைக் காப்பாற்றியதோ, அந்தத் தாள் இல்லாததே அங்கே மறுப்புக்குக் காரணமாகிறது. சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. மறுக்கப்படும் ஜோடிகளில் பொய் ஜோடிகளும் இருக்கின்றன. பயத்தில் வாழ்ந்த உண்மை ஜோடிகளும் இருக்கின்றன. கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பெட்டிச் செய்தி: எந்த நாட்டில் என்ன கணக்கு?

கனடா: தொடர்ந்து 12 மாதம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். ஐ.எம்.எம். 5409 என்ற உறுதிமொழிப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஸ்பான்சர் செய்பவர், துணைக்கு பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கிடைத்த நாளிலிருந்து 3 ஆண்டு பொருளாதாரப் பொறுப்பு ஏற்கிறார். நடுவில் உறவு முறிந்தாலும் அந்தப் பொறுப்பு முறியாது.

ஆஸ்திரேலியா: அங்கே பெயர் ‘டி ஃபேக்டோ’. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் அந்த உறவில் இருந்திருக்க வேண்டும். சில மாநிலங்களில் உறவைப் பதிவு செய்துகொண்டால் இந்த 12 மாதக் கட்டாயம் தளர்கிறது. விண்ணப்பக் கட்டணமே 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

பிரிட்டன்: திருமணத்துக்கு நிகரான உறவு 2 ஆண்டு இருந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற கண்டிப்பு 2024 ஜனவரி 31 முதல் தளர்ந்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், துணையை அழைக்கத் தேவையான வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்டாக உயர்ந்தது.

அமெரிக்கா: சேர்ந்து வாழ்ந்தது மட்டும் போதாது. எங்கே வாழ்ந்தார்களோ அந்த இடத்தின் சட்டம் அதைத் திருமணமாக ஏற்க வேண்டும். கொலராடோ, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் ஏற்கின்றன. இந்தியாவில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு மிச்சம் இருப்பது வருங்கால மணமக்களுக்கான கே-1 விசா. இரண்டு ஆண்டுக்குள் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும்.

### நம் நீதிமன்றங்களின் பட்டியல்

‘காமன் லா’ என்றதும் இது ஏதோ வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று தோன்றும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் பிறந்த இங்கிலாந்திலேயே 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தோடு அது ஒழிந்துவிட்டது. இந்தியாவில் அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள் நுழைந்தது ஒரு கோயம்புத்தூர் வழக்கின் வழியாக.

வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கு என்று அதற்குப் பெயர். கோவை குடும்பநல நீதிமன்றத்தில் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சத்தில் ஆரம்பித்த விவகாரம். 2010 அக்டோபர் 21-இல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, டி.எஸ். தாக்கூர் அமர்வு தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ என்று வருகிறதே, அது காமன் லா திருமணம் போன்றதுதான் என்றார்கள். நான்கு நிபந்தனைகளையும் வைத்தார்கள்: சமூகத்தின் முன் கணவன் மனைவி போலவே தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், திருமண வயது நிரம்பியிருக்க வேண்டும், மணம் செய்துகொள்ளத் தகுதி இருக்க வேண்டும், அதாவது வேறொருவரோடு திருமண பந்தத்தில் இருக்கக் கூடாது, கணிசமான காலம் தாமாக விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஏப்ரலில்தான் நடிகை குஷ்பு வழக்கின் தீர்ப்பும் வந்தது. 2005-இல் அவர் ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடெங்கும் 23 புகார்கள். எல்லாவற்றையும் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது எந்தச் சட்டத்தின் கீழும் குற்றமில்லை என்று தெளிவாக்கியது.

2013 நவம்பர் 26-இல் வந்த இந்திரா சர்மா தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் எழுதியது. உறவு எத்தனை காலம் நீடித்தது, ஒரே வீடா, வரவு செலவு சேர்ந்தா தனித்தனியா, வீட்டு வேலை எப்படிப் பகிரப்பட்டது, உடலுறவு, குழந்தைகள், நாலு பேர் முன்னால் எப்படி நடந்துகொண்டார்கள், மனதில் என்ன எண்ணம் இருந்தது என்று அளவுகோல்களை வரிசைப்படுத்தியது. பெங்களூரைச் சேர்ந்த அந்தப் பெண் வழக்கில் தோற்றார். காரணம், அவரோடு வாழ்ந்தவர் ஏற்கெனவே மணமானவர். பட்டியல் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தப் பட்டியலைக் கனடாவில் காட்டினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒன்டாரியோ நீதிமன்றம் 1980-இல் மொலடோவிச் வழக்கில் போட்ட பட்டியலும் ஏறக்குறைய இதுவே: ஒரே கூரை, தனிப்பட்ட நெருக்கம், வீட்டு வேலை, சமூகப் பழக்கம், ஊர் பார்வை, பணம், குழந்தை. அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999-இல் ஏற்றுக்கொண்டது. குடிவரவு அதிகாரிகள் கையில் இருப்பதும் அதன் வாரிசுதான். ஆஸ்திரேலியா அதையே பணம், குடித்தனம், சமூகம், பரஸ்பரப் பிடிப்பு என்று நான்காகச் சுருக்கி வைத்திருக்கிறது.

ஆக, எப்படி எடை போடுவது என்பதில் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் சண்டையில்லை. அங்கே அந்த உறவுக்கு வரிப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது. இங்கே நீதிமன்றப் படி ஏறினால்தான் அந்த உறவுக்குப் பெயரே கிடைக்கும். ஜீவனாம்சம் கேட்டு, பாதுகாப்பு கேட்டு, சொத்து கேட்டு, அதாவது உறவு கெட்ட பிறகு.

உறவு நன்றாக இருக்கும்போது ஒரு சான்று வாங்க முடியுமா? 2006-இல் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து, சேர்ந்து வாழ்ந்து, குழந்தையும் பெற்ற ஒரு ஜோடி, பிறகு பிரிய விரும்பி விவாகரத்துக் கேட்டது. 2023 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஒப்பந்தத்தின் பேரில் சேர்ந்து வாழ்ந்ததை எந்தச் சட்டமும் திருமணமாக ஏற்கவில்லை, எனவே விவாகரத்தும் கிடையாது என்றது நீதிபதிகள் முகமது முஷ்டாக், சோஃபி தாமஸ் அமர்வு. வஞ்சியூர் கோர்ட்டைச் சுற்றி முத்திரைத்தாளில் ‘லிவ்-இன் அக்ரிமென்ட்’ எழுதித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் யாரையும் கணவன் மனைவி ஆக்காது. ‘இந்தத் தேதியில் நாங்கள் சேர்ந்திருந்தோம்’ என்பதற்கு ஒரு சாட்சியாக வேண்டுமானால் நிற்கும். அதுவும் அந்தத் தேதியிலேயே எழுதியிருந்தால்.

உத்தராகண்ட் மட்டும் பதிவுக்கு ஒரு வழி திறந்தது. ஆனால் அந்த வழியில் ஒரு போலீஸ்காரரையும் நிறுத்திவைத்தது. 2025 ஜனவரி 27 முதல் நடப்பில் இருக்கும் அம்மாநிலப் பொது சிவில் சட்டப்படி, சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். தகவல் காவல் நிலையத்துக்குப் போகும். 21 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோருக்கும் போகும். விசாவுக்குத் தாள் கிடைக்கும் என்பதற்காக இதை வரவேற்கச் சொன்னால், என்னால் முடியாது.

பெட்டிச் செய்தி: திருவிதாங்கூருக்குப் புதிதல்ல

எது திருமணம், எது வெறும் சேர்ந்து வாழ்தல் என்ற தகராறு இந்த ஊரில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. நாயர் குடும்பங்களின் சம்பந்த முறையில் புடவை கொடுத்தால் உறவு தொடங்கிவிடும். பிரிட்டிஷ் கோர்ட்டுகள் அதைத் திருமணமாக ஏற்கத் தயங்கின. மலபாரில் 1896-இல் வந்த திருமணச் சட்டம், விரும்பியவர்கள் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. மிகச் சிலரே முன்வந்தார்கள். சட்டத்துக்கு முன் அமைக்கப்பட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர், ‘இந்துலேகா’ நாவல் எழுதிய ஓ. சந்துமேனன். திருவிதாங்கூரில் 1912-இலும் 1925-இலும் வந்த நாயர் சட்டங்கள் சம்பந்தத்தைச் சட்டப்படியான திருமணமாக்கின.

தமிழ்நாட்டிலும் ஒரு கிளைக்கதை உண்டு. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950-களில் சொன்னது. அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-ஏ பிரிவுதான் அவற்றுக்குச் சட்டத் தகுதி தந்தது.

### இரண்டு பக்கமும் கூர்

சான்று கிடைக்காதது ஒரு பிரச்சினை. சான்று கிடைத்துவிட்டால் வரும் பிரச்சினை அதைவிடப் பெரியது. விசா ஏஜென்ட்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஜெராக்ஸ் கடை ஜோடியைப் போன்ற ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். கழக்கூட்டத்தில் இரண்டு வருடம் ஒரே வீடு. பெண் படிக்கக் கனடா போகிறார். படிப்பு, வேலை, பிறகு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளிமுறை மூலம் பி.ஆர். படிவத்தில் மணநிலை என்ற இடத்தில் ‘தனி ஆள்’ என்று நிரப்புகிறார். அவரைப் பொறுத்தவரை பொய்யில்லை, கல்யாணம்தான் ஆகவில்லையே. போதாக்குறைக்கு, தனி ஆளுக்கு அடிப்படைக் காரணிகளில் 500 புள்ளி வரை கிடைக்கும். துணையோடு போகிறவருக்கு அதே காரணிகளில் உச்சம் 460; மீதி 40 துணையின் படிப்பையும் மொழித் தேர்வையும் கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தையும் பொறுத்தது. ஏஜென்ட் எதைச் சொல்வார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பி.ஆர். வந்தபின் ஊரிலிருக்கும் துணையை ஸ்பான்சர் செய்ய நினைக்கிறார். அதற்கு ‘காமன் லா’ என்று நிரூபிக்க வேண்டும். கழக்கூட்டத்தின் இரண்டு வருடத்தைத் தாள்களோடு காட்டுகிறார். அதிகாரி அதை நம்பினால் அடுத்த கேள்வி வருகிறது: அப்படியானால் பி.ஆர். வாங்கும்போது இந்தத் துணையை ஏன் சொல்லவில்லை? கனடிய ஒழுங்குவிதிகளின் 117(9)(ஈ) பிரிவின்படி, தனக்கு பி.ஆர். கிடைத்தபோது அறிவிக்காமலும் பரிசோதனைக்கு உட்படுத்தாமலும் விட்ட குடும்ப உறுப்பினரைப் பிற்பாடு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. பல ஆண்டு கழித்து முறைப்படி தாலி கட்டிக்கொண்டு வந்தாலும் அந்தத் தடை நிற்கும். அறிவிக்காததைத் தகவல் மறைப்பு என்று எடுத்துக்கொண்டால் அவருடைய பி.ஆருக்கே ஆபத்து; அந்தக் குற்றத்துக்கு 5 ஆண்டு நுழைவுத் தடை.

சரி, நாங்கள் அப்போது ‘காமன் லா’ இல்லை, வெறும் நண்பர்கள் என்று சொன்னால்? ஸ்பான்சர் செய்ய உறவே இல்லை என்றாகிவிடும்.

நிரூபித்தால் மறைத்த குற்றம், நிரூபிக்காவிட்டால் உறவில்லை. 2019 செப்டம்பரில் கனடா கொண்டுவந்த சலுகை ஒன்று, அகதிகளாக வந்தவர்களுக்கும் தாங்களே குடும்ப ஸ்பான்சரில் வந்தவர்களுக்கும் இந்தத் தடையைத் தளர்த்தியது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வந்தவர்களுக்கு அதில் இடமில்லை. மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் கையில்.

இதே கண்ணி கனடாவுக்கு உள்ளேயும் விரிக்கப்பட்டிருக்கிறது. பிராம்ப்டன் பேஸ்மென்ட்டில் வாடகையைப் பாதியாக்கச் சேர்ந்து குடியேறும் மாணவ ஜோடி, 12 மாதம் தாண்டியதும் தாங்கள் அறியாமலே ‘காமன் லா’ ஆகிவிடுகிறது. வருமான வரித் துறைக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இரண்டு பேரும் தனி ஆள் என்று வரித் தாக்கல் செய்துவிட்டு, குடிவரவுத் துறையிடம் மட்டும் ‘மூன்று வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம்’ என்றால், தங்கள் வாக்குமூலத்துக்குத் தாங்களே எதிர்சாட்சி. விசா அதிகாரி முதலில் தேடும் முரண்களில் இது ஒன்று.

மாணவரின் துணைக்குக் கிடைத்துவந்த வேலை பர்மிட் மீதும் பலர் கணக்குப் போட்டிருந்தார்கள். 2025 ஜனவரி 21 முதல் அதைக் கனடா சுருக்கிவிட்டது. 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலைப் படிப்பு, முனைவர் பட்டம், சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவர்களின் துணைக்கு மட்டுமே அது இப்போது கிடைக்கும். டிப்ளமோவில் சேர்ந்துகொண்டு ‘காமன் லா’ பார்ட்னரைக் கூட்டிப் போகும் வழி அடைபட்டது.

### பழைய தாளின் பலம்

எந்தத் தாள் நிற்கும்? இதற்கு ஒரு நல்ல பதில் விசா வழக்கிலிருந்து வரவில்லை. கோழிக்கோட்டுச் சொத்து வழக்கிலிருந்து வந்தது.

காட்டுக்கண்டி எடத்தில் குடும்பம். தந்தையும் தாயும் முறையாக மணந்தவர்களா என்பதுதான் தகராறு. இல்லையென்றால் மகனுக்குப் பாகம் இல்லை. திருமணத்துக்கு நேரடி ஆதாரம் கிடையாது. 2022 ஜூன் 13-இல் உச்ச நீதிமன்றம் மகன் பக்கம் தீர்ப்பளித்தது. நீண்ட காலம் ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தால், அவர்கள் மணந்தவர்களே என்று சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவின்படி அனுமானிக்கலாம், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. நீதிபதிகளை அசைத்தது எது? மகன் 1963-இல் ராணுவத்தில் சேர்ந்து 1979-இல் ஓய்வுபெற்றவர். அவர் தரப்பு காட்டிய ஆவணங்கள் எல்லாம் தகராறு பிறப்பதற்கு வெகு காலம் முன்பே உருவானவை. வழக்குக்காக யாரும் தயாரித்தவை இல்லை.

ஒட்டாவா அதிகாரிக்கும் இதே மனம்தான். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் நோட்டரியிடம் போய் எடுத்த அஃபிடவிட்டும், நண்பர்கள் ஒரே வாசகத்தில் எழுதிய நான்கு கடிதங்களும் அவருக்குப் பெரிதாகத் தோன்றாது. மூன்று வருடத்துக்கு முன் அலட்சியமாக உண்டான தாள் பேசும். கூட்டாக எடுத்த ரயில் டிக்கெட்டில் ஒரே பி.என்.ஆர். எண்ணின் கீழ் இரண்டு பெயர். மாதா மாதம் பாதி வாடகையும் பாதி கரண்ட் பில்லும் யு.பி.ஐ.யில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போன வரிகள். தேதியைப் போட்டது வங்கி. ஆஸ்பத்திரி அட்மிஷன் தாளில் ‘உடன் வந்தவர்’ என்று எழுதிய பெயர். இன்ஷூரன்ஸ் நாமினி. இருவர் பெயருக்கும் ஒரே கதவு எண்ணுக்கு வந்த பார்சல் ரசீதுகள். கல்யாண போட்டோ மாதிரி ஸ்டூடியோவில் எடுத்த ஐம்பது படத்தைவிட, நண்பன் வீட்டுப் பால்காய்ச்சில் ஓரமாக நின்று எடுத்த ஒரு படம் மேல். கூட இருக்கும் நாலு பேர் அந்த உறவை அறிந்தவர்கள் என்பது அதில் தெரிகிறது.

அதற்காக இல்லாத தாளை உண்டாக்கப் போகாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது பெயரைப் பின்னால் செருகித் தருவதாகச் சொல்கிறவர்கள் உண்டு. முத்திரைத்தாளின் வரிசை எண்ணும் விற்ற தேதியும் காட்டிக்கொடுத்துவிடும். பிடிபட்டால் அது மறுப்போடு நிற்காது; அதே 5 ஆண்டுத் தடை. கஸின் என்று சொல்லித்தான் வீடு கிடைத்தது என்றால், அதை மறைக்காமல் விளக்கக் கடிதத்தில் எழுதிவிடுவது மேல் என்பது என் எண்ணம். மணமாகாத ஜோடிக்கு இந்தியாவில் வீடு கிடைக்காதது அதிகாரிகளுக்குத் தெரியாத செய்தியல்ல. விளக்கம் இல்லாத ஓட்டைதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

### கல்யாணம் செய்துகொண்டால் தீராதா?

அந்த இளைஞரிடம் அண்ணாச்சி கேட்டதும் இதைத்தான். “பேசாம ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டா என்ன?” பலருக்கு அது தீர்வுதான். எல்லோருக்கும் அல்ல.

மதம் வேறானால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் முன்னறிவிப்பு. பெயரும் முகவரியும் நோட்டீஸ் போர்டில். கேரளப் பதிவுத் துறை ஒரு கட்டத்தில் அந்த அறிவிப்புகளை இணையத்திலேயே போட்டது. வகுப்புவாதக் குழுக்கள் அவற்றைத் தரவிறக்கிப் பரப்பி, ஜோடிகளைத் துரத்திய பிறகு 2020 ஜூலையில் நிறுத்தியது. போர்டு இன்னும் இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் வாழ்ந்தவர்களுக்கு அந்த முப்பது நாள் நீளமானது.

ஒருவர் வெளிநாட்டில் இருந்தால்? கோவிட் காலத்தில் கேரள உயர் நீதிமன்றம் வீடியோ வழியாகத் திருமணம் செய்ய வழிவிட்டது. 2022 ஜூலையில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அமெரிக்காவில் இருந்த மணமகனுக்கும் குமரி மாவட்ட மணமகளுக்கும் மணவாளக்குறிச்சி சார் பதிவாளர் காணொளியிலேயே திருமணம் நடத்தி வைக்க உத்தரவிட்டார். நல்ல தீர்ப்புகள். ஆனால் கனடா விசாவுக்கு அந்தச் சான்றிதழ் உதவாது. 2015 ஜூன் 11 முதல், மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஏற்பதில்லை. இங்கே செல்லும் திருமணம் அங்கே செல்லாது.

நேரில் வந்து மணந்தாலும் ‘உண்மையான உறவா’ என்ற கேள்வி போகாது. 2010 செப்டம்பர் 30 முதல் கனடிய விதியில் ‘அல்லது’ என்ற ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: உறவு உண்மையற்றது என்றாலோ, அல்லது குடிவரவுக்காகவே முக்கியமாக ஏற்பட்டது என்றாலோ மறுக்கலாம். இரண்டில் ஒன்று போதும். பத்து நாள் லீவில் வந்து மணந்து திரும்பியவர்களை இந்தச் சொல் நன்றாகவே சுற்றுகிறது. நியூசிலாந்தில் இதற்கு நேர்மாறான கூத்து 2019-இல் நடந்தது. பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணம், சேர்ந்து வாழ்ந்த காலமே இல்லை என்று இந்தியர்களின் துணை விசாக்களை மறுத்தார்கள். இந்தியச் சமூகம் கொந்தளித்தது. நவம்பரில் அரசு இறங்கி வந்து, பெற்றோர் பார்த்துச் செய்யும் திருமணங்களுக்கான விசாவின் வரம்பை விரித்தது.

கல்யாணம் என்ற கதவே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்படி தன்பாலின உறவு குற்றம் என்ற நிலை 2018-இல் போனது. 2023 அக்டோபர் 17-இல் தன்பாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் வழிவிடவில்லை. பிரித்து வைக்கப்பட்ட இரு பெண்கள் சேர்ந்து வாழலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மே 31-இல் சொன்னது. அதிலும் சான்றிதழ் ஏதுமில்லை. இவர்களுக்குக் கனடாவில் ‘கான்ஜுகல் பார்ட்னர்’ என்ற மூன்றாவது பிரிவு உண்டு. மணக்கவும் முடியாமல், சேர்ந்து வாழவும் முடியாமல் தடை உள்ளவர்களுக்கானது. ஓராண்டு உறவைக் காட்ட வேண்டும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதுபோன்ற சிக்கல் உண்டு. மணமாகாமல் ஒரே வீட்டில் வாழ்வதை ஐக்கிய அமீரகம் 2020 நவம்பரில் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதற்கு முன் துபாயில் சேர்ந்து வாழ்ந்ததற்குத் தாள் வைத்திருந்தவர் என்று யாரும் இருக்க வாய்ப்பில்லை.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் ‘குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம்’ என்ற யோசனையைத் தமிழக அரசின் முன் வைத்தார். பால்புதுமையினர் தங்கள் துணையோடு செய்துகொள்ளும் பதிவு. 2024 ஆகஸ்ட் 28-இல் மத்திய நிதி அமைச்சகம், இவர்கள் இணை வங்கிக் கணக்குத் தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. விசா கோப்புக்கு இந்தச் சுற்றறிக்கை பல தீர்ப்புகளைவிட உபயோகமானது. வங்கிக் கிளையில் மறுத்தால் அதன் நகலை நீட்டலாம்.

### மறுப்பு வந்த பிறகு

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்துக் கனடா மறுத்தால், ஸ்பான்சர் செய்தவர் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரங்களையும் வைக்க முடியும். சாட்சி சொல்ல முடியும். முதல் முறை சரியாகக் கட்டாத கோப்பைச் சரிசெய்ய அதுவே வாய்ப்பு. ஆனால் 117(9)(ஈ) தடையில் மாட்டியவர்களுக்கு அந்தப் பிரிவு மனிதாபிமான விலக்குத் தர முடியாது. துணை கனடாவுக்குள் இருந்துகொண்டே உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பித்திருந்தால் இந்த மேல்முறையீடு கிடையாது; ஃபெடரல் கோர்ட்தான். அங்கே அதிகாரி முடிவெடுத்த முறை சரியா என்று பார்ப்பார்கள், புதிய தாள்களைப் பொதுவாகப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதை ஏஜென்ட் தீர்மானிக்க விடாமல், இதை யோசித்து நீங்களே தீர்மானியுங்கள்.

மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக 30 நாள் அவகாசம். மறுப்புக்கான காரணம் எழுத்தில் ஸ்பான்சரின் கைக்கு வந்ததும் அது ஓட ஆரம்பிக்கிறது. பிராம்ப்டனில் வீடு மாறிய ஸ்பான்சர்கள் புதிய முகவரியையும் இமெயிலையும் குடிவரவுத் துறைக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும்.